கார் போச்சு, காசு வந்துச்சு, பெயர் மட்டும் இங்கேயே: தூரத்து ஆளுக்கு வண்டி விற்பது பற்றி ஒரு குறிப்பு

சொந்தக் காரை இணையத்தில் விளம்பரம் போட்டு விற்கப் போகிறவரிடம் "எதுக்குப் பயப்படறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "காசு தராம ஏமாத்திடுவானோன்னுதான்" என்பார். நியாயமான பயம். ஆனால் சட்டத்தையும் சில தீர்ப்புகளையும் உட்கார்ந்து படித்ததில் எனக்குப் பட்டது வேறு. காசு முழுசா கைக்கு வந்த பிறகு ஆரம்பிக்கிற சிக்கல்தான் பெரிசு. வாங்குகிறவர் தூரத்தில் இருந்தால் அது இன்னும் பெரிசாகிறது. இந்தக் குறிப்பு இரண்டு பயத்தையும் பற்றியது, ஆனால் இரண்டாவதைப் பற்றி அதிகம்.

எங்கள் மணவாள நகர் பக்கம் இது அடிக்கடி எழுகிற கேள்வி. திருவள்ளூர் ரயில் நிலையத்துக்குத் தெற்கே இருக்கிற ஊர் இது. சுற்றிலும் தொழிற்சாலைகள். காருக்கும் இந்த வட்டாரத்துக்கும் பழைய உறவும் உண்டு: ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி 1998ல் மிட்சுபிஷி லான்சர் கார் தயாரிக்க ஆரம்பித்தது திருவள்ளூர் ஆலையில்தான். காக்களூர் சிட்கோ, ஸ்ரீபெரும்புதூர், கும்மிடிப்பூண்டி என்று வேலைக்கு வந்தவர்கள், மாற்றல் வந்தால் பதினைந்து நாளில் வீட்டைக் காலி பண்ண வேண்டும், வண்டியையும் தள்ளிவிட வேண்டும். விளம்பரம் போட்டால் போன் உள்ளூரிலிருந்து மட்டும் வருவதில்லை. ஓசூர், மதுரை, கொச்சி என்று வரும். ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருப்பதால் திருப்பதி, நெல்லூர் ஆட்களும் கேட்பார்கள். உள்ளூர் ஆள் தருவதைவிட தூரத்து ஆள் இருபதாயிரம் முப்பதாயிரம் கூடத் தருகிறேன் என்றால் மனசு அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும்.

ஒரு விற்பனையில் மூன்று கைமாற்றம்

கார் விற்பது என்பது ஒரே செயல் போலத் தெரிகிறது. பிரித்துப் பார்த்தால் மூன்று. காசு ஒரு பக்கம் வர வேண்டும். வண்டி இன்னொரு பக்கம் போக வேண்டும். அரசாங்கப் பதிவேட்டில் பெயர் மாற வேண்டும்.

என் தொழிலில், டேட்டாபேஸில், இதற்கு ஒரு விதி இருக்கிறது. ஒரு பரிவர்த்தனைக்குள் மூன்று மாற்றங்கள் இருந்தால், மூன்றும் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றுகூட நடக்கக் கூடாது. உங்கள் கணக்கில் பணம் குறைந்து அடுத்தவர் கணக்கில் ஏறாமல் நின்றுவிட்டால் என்ன ஆகும்? அந்தப் பாதிவழி நிலையே இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த விதி.

கார் விற்பனையில் அப்படி ஒரு ஏற்பாடு கிடையாது. காசும் சாவியும் ஒரே மேஜையில் ஐந்து நிமிஷத்தில் மாறிவிடும். பெயர் மாறுவதற்கு வாரக்கணக்கு, சில சமயம் மாதக்கணக்கு ஆகும். வாங்கினவர் பக்கத்துத் தெருக்காரர் என்றால் "என்னங்க, ஆர்.டி.ஓ. ஆபீஸ் போனீங்களா?" என்று வாசலில் நின்று கேட்கலாம். நெல்லூரில் இருக்கிறவரை எங்கே போய்க் கேட்பது? இரண்டாம் வாரம் போனை எடுப்பார். இரண்டாம் மாதம் எடுக்க மாட்டார். ஆக, தூரத்து ஆளுக்கு விற்பதில் பாதுகாப்பு என்பது இந்த மூன்று கைமாற்றங்களுக்கும் இடையே இருக்கிற இடைவெளியைக் குறைப்பது, குறைக்க முடியாத இடத்தில் காகிதத்தால் நிரப்புவது, அவ்வளவுதான்.

சட்டம் யாரை உரிமையாளர் என்கிறது

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(30). வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர் என்கிறது. கடன், குத்தகை, மைனர் போன்ற சில நிலைகளுக்கு மட்டும் விலக்கு. பழைய 1939 சட்டத்தின் விளக்கத்தில் இந்தப் 'பதிவு' என்ற அடிப்படை இல்லை. 1988ல்தான் அது நடுநாயகமாக வந்து உட்கார்ந்தது.

இதனால் என்ன ஆகும் என்பதை உச்ச நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பு தெளிவாகக் காட்டுகிறது. நவீன் குமார் எதிர் விஜய் குமார், 2018 பிப்ரவரி 6, மூன்று நீதிபதிகள் அமர்வு. வட இந்தியாவில் நடந்த விபத்து. 2009 மே மாதம் ஒரு காரை ரிவர்ஸ் எடுக்கும்போது இருவர் மேல் மோதியது. ஒரு சிறுவன் இறந்துபோனான், ஒரு பெண்ணுக்குக் காயம். காரின் பதிவுபெற்ற உரிமையாளர் தீர்ப்பாயத்தில் என்ன சொன்னார் தெரியுமா? "அந்தக் காரை நான் 2007 ஜூலையிலேயே வித்துட்டேன். ஆர்.சி., கையெழுத்துப் போட்ட படிவம் 29, 30 எல்லாம் கொடுத்தாச்சு." வாங்கினவர் இன்னொருவருக்கு விற்றதாகச் சொன்னார். அவர் இன்னொருவருக்கு. அவரும் இன்னொருவருக்கு. நாலு கை மாறியும் பதிவேட்டில் முதல் ஆளின் பெயர் அப்படியே இருந்தது.

உயர் நீதிமன்றம் பின்னால் வாங்கினவரைப் பொறுப்பாக்கியது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, பதிவேட்டில் பெயர் இருக்கிறவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்றது. காரணம் எளிமையானது. விபத்தில் குடும்பத்தில் ஒருவரை இழந்தவர்கள், யார் யாருக்கு விற்றார்கள் என்று பதிவாகாத சங்கிலியைத் தேடிக்கொண்டு ஊர் ஊராக அலையக் கூடாது. பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்று பார்த்தால் இதில் தப்பே சொல்ல முடியாது. விற்றவர் பக்கம் நின்று பார்த்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

அந்த மனிதரை இன்னொரு முறை பாருங்கள். காசு வாங்கிவிட்டார். யாரும் அவரை ஏமாற்றவில்லை. படிவங்களில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார். நம்ம ஊரில் 'ஓப்பன் டிரான்ஸ்பர்' என்று சொல்லி, வாங்குகிறவர் பெயரையும் தேதியையும் நிரப்பாமல் கையெழுத்து மட்டும் போட்டு வாங்கிக்கொண்டு போகிறார்களே, அதிலும் விளைவு இதுதான். புரோக்கருக்கு அது வசதி. அடுத்த ஆளுக்கு விற்கும்போது நடுவில் தன் பெயர் வராது, ஒரு மாற்றலுக்கான செலவும் மிச்சம். அந்த வசதிக்கான விலையை, ஏதாவது ஒன்று நடந்தால், நீங்கள் கொடுப்பீர்கள்.

"இன்சூரன்ஸ் இருக்கே, அவங்க கட்ட மாட்டாங்களா?" என்று கேட்கலாம். இருந்தால் கட்டுவார்கள். பிரிவு 157ன்படி, வண்டி கைமாறினால் மூன்றாம் நபருக்கான காப்பீடு வாங்கினவருக்குத் தானாகவே மாறியதாகக் கருதப்படும். ஆனால் அந்தப் பாலிசி முடிந்த பிறகு வாங்கினவர் புதுப்பிக்காமல் ஓட்டினால்? பெயர் உங்களுடையது, காப்பீடு யாருடையதும் இல்லை.

நம்பர் பிளேட்டிலிருந்து ஆரம்பிக்கும் விசாரணை

2022 அக்டோபர் 23, கோவை உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்னால் ஒரு பழைய மாருதி கார் வெடித்தது நினைவிருக்கும். அந்தக் கார் பல கை மாறி வந்தது. போலீசார் பதிவெண்ணை வைத்து முன்பு சொந்தக்காரர்களாக இருந்தவர்களை ஒவ்வொருவராக விசாரித்துத்தான் கடைசி ஆள்வரை வந்தார்கள். 2025 நவம்பர் 10 டெல்லி செங்கோட்டை அருகே வெடித்த காரிலும் அதே கதை. பதிவேட்டில் இருந்த பெயர் குருகிராமைச் சேர்ந்த ஒருவருடையது. அவர் காரை எப்போதோ விற்றிருந்தார். விசாரணை முதலில் போய் நின்றது அவர் வீட்டு வாசலில்.

இதெல்லாம் அபூர்வம்தான். ஆனால் இதன் சின்ன வடிவம் தினமும் நடக்கிறது. இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி, செம்மரமோ மதுபாட்டிலோ கடத்தப் பயன்பட்ட வண்டி, எதுவானாலும் முதல் போன் உங்களுக்குத்தான். பிரிவு 133ன்படி, வண்டி சம்பந்தப்பட்ட குற்றத்தில் ஓட்டியவர் யார் என்ற விவரத்தைப் போலீஸ் கேட்டால் உரிமையாளர் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் "இன்ன தேதி, இன்ன மணிக்கு, இன்ன முகவரியில் இருக்கிற இன்னாரிடம் ஒப்படைத்தேன், இதோ காகிதம்" என்று சொல்ல முடிகிறவருக்கு விஷயம் அரை நாளில் முடியும். "யாரோ ஓசூர் பார்ட்டிங்க, பேர் ஞாபகம் இல்ல" என்கிறவருக்கு எத்தனை நாள் ஆகும் என்று யாரும் சொல்ல முடியாது.

மற்ற இடங்களில் எப்படி

பிரிட்டனில் காரை விற்றவர் தானே இணையத்தில் போய் "விற்றுவிட்டேன், இன்னார் வாங்கினார்" என்று டி.வி.எல்.ஏ. அமைப்புக்குச் சொல்லிவிடலாம். பதிவேட்டிலிருந்து அவர் பெயர் இறங்கிவிடும். கலிபோர்னியாவில் விற்றவர் ஐந்து நாளுக்குள் ஒரு அறிவிப்பு கொடுக்க வேண்டும். அந்தப் படிவத்தின் பெயரிலேயே 'பொறுப்பிலிருந்து விடுவிப்பு' என்று இருக்கிறது. இரண்டிலும் கவனிக்க வேண்டியது, விற்றவர் வெளியேறுவதற்கு வாங்கினவரின் தயவு தேவையில்லை.

நம்ம நாட்டில் படிவம் 29 என்று ஒன்று இருக்கிறது. விற்றவர், விற்ற 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குக் கொடுக்க வேண்டிய அறிவிப்பு. வாங்கினவருக்குத் தன் பங்கைச் செய்ய 30 நாள் கெடு. பிரிவு 50 இதைச் சொல்கிறது. ஆனால் படிவம் 29 கொடுத்த மாத்திரத்தில் பதிவேட்டில் பெயர் மாறிவிடாது. வாங்கினவரும் படிவம் 30ஐயும் தன் முகவரிச் சான்றையும் கொடுத்துக் கட்டணம் கட்டினால்தான் மாறும்.

ஒரே ஒரு கதவு மட்டும் திறந்திருக்கிறது. 2022 டிசம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் திருத்தம் செய்து, 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வாங்கி விற்கும் டீலர்களுக்கு அங்கீகாரச் சான்று முறை கொண்டுவந்தார்கள். அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைத்து படிவம் 29சி மூலம் இணையத்தில் தெரிவித்துவிட்டால், அதற்குப் பிறகு அந்த வண்டிக்கு டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். விற்றவருக்கு நிம்மதி. டீலரிடம் விலை குறையும் என்பது தெரிந்ததே. அந்தக் குறையும் தொகையில் ஒரு பங்கு இந்த நிம்மதிக்கான விலை என்று கணக்குப் போட்டால், தூரத்து ஆள் கூடக் கொடுக்கும் முப்பதாயிரம் அவ்வளவு பெரிசாகத் தெரியாது. ஆனால் டீலர் அங்கீகாரம் பெற்றவரா, 29சி போடுகிறாரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வெறும் கன்சல்டன்சி போர்டு மாட்டியவரிடம் கொடுத்தால் பழைய கதைதான்.

தனி ஆளுக்கே விற்பது என்று முடிவு பண்ணிவிட்டால், மேற்கொண்டு படியுங்கள்.

காசு வரும் வழியில் இருக்கிற பள்ளங்கள்

முதல் பள்ளம், வண்டியைப் பார்க்காமலே வாங்குகிறவர். விலை பேச மாட்டார். ராணுவத்திலோ துணை ராணுவத்திலோ இருப்பதாகச் சொல்லி அடையாள அட்டைப் படம் அனுப்புவார். "அட்வான்ஸ் அனுப்பறேன், இந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்பார். இந்த இடத்தில் ஒரே ஒரு விதி போதும்: யு.பி.ஐ.யில் காசு வாங்குவதற்கு ஸ்கேன் பண்ணவும் வேண்டாம், பின் நம்பர் போடவும் வேண்டாம். பின் போட்டால் காசு போகிறது என்று அர்த்தம். தனி ஆட்களுக்கிடையே 'பணம் கேட்கும்' கோரிக்கை முறையை என்.பி.சி.ஐ. 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. க்யூ.ஆர். தந்திரத்துக்கு அந்தத் தடை பொருந்தாது.

இரண்டாவது, ஸ்கிரீன்ஷாட். பணம் அனுப்பியதாகப் படம் வரும், வங்கியிலிருந்து வந்ததுபோல குறுஞ்செய்தியும் வரும். இரண்டையும் போலியாகச் செய்யலாம். உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து இருப்புத் தொகையைப் பாருங்கள். ஆர்.டி.ஜி.எஸ். 2 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கான வழி. 2020 டிசம்பர் முதல் 24 மணி நேரமும் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பணம் நாளைக்குத்தான் ஏறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நெஃப்ட் அரை மணிக்கு ஒரு தொகுப்பாகப் போகிறது, அதுவும் வருஷம் பூரா உண்டு. காசோலையும் டிமாண்ட் டிராஃப்டும் கையில் இருப்பது காசு ஆகாது, கிளியர் ஆகிக் கணக்கில் ஏற வேண்டும்.

மூன்றாவது, கூடுதலாக அனுப்பிவிட்டுத் திருப்பிக் கேட்பது. "தப்பா ஐம்பதாயிரம் அதிகமா போட்டுட்டேன், டிரக் காரருக்கு அனுப்பிடுங்க" என்று வரும். பெரும்பாலும் முதலில் வந்ததே பொய்யாக இருக்கும். வண்டி ஏற்றிக்கொண்டு போகிற செலவை நீங்கள் முன்பணமாகக் கட்டுங்கள் என்பதும் இதன் தம்பி.

நாலாவதைப் பற்றித் தமிழில் அதிகம் எழுதப்பட்டு நான் பார்க்கவில்லை. பிரேசிலில் இதை 'இடையாள் மோசடி' என்றே சொல்கிறார்கள். ஒருவன் உங்கள் விளம்பரப் படங்களை எடுத்து, குறைந்த விலையில் தன் விளம்பரமாகப் போடுவான். உண்மையான ஒரு ஆள் அதில் மாட்டுவார். உங்களிடம் "என் மச்சான் வந்து பார்ப்பார், விலையைப் பத்தி அவர்கிட்ட பேசாதீங்க, நான்தான் காசு தர்றேன்" என்பான். அவரிடம் "வண்டி என் சித்தப்பாவோடது, விலையைப் பத்தி அவர்கிட்ட பேசாதீங்க" என்பான். வந்தவர் வண்டியைப் பார்த்துத் திருப்தியாகி, காசை அவன் கணக்கில் போட்டுவிடுவார். உங்கள் வாசலில் நிற்கிற இருவரும் நல்லவர்கள், காசு மூன்றாவது ஆளிடம். தடுக்கும் வழி சுலபம். வண்டி பார்க்க வந்தவரிடம் நேராகவே கேளுங்கள்: "நீங்க யாருக்கு எவ்வளவு காசு தர்றீங்க?"

ஐந்தாவது, காசு நிஜமாகவே வந்து, ஆனால் அது அழுக்குக் காசாக இருப்பது. வேறு யாரிடமோ ஏமாற்றிய பணம் உங்கள் கணக்கு வழியாகப் போனால், புகார் வந்ததும் உங்கள் கணக்கு முடக்கப்படலாம். சம்பளமும் வீட்டுக் கடன் தவணையும் அதே கணக்கு என்றால் யோசித்துப் பாருங்கள். எனவே பணம் வாங்குகிறவரின் சொந்தக் கணக்கிலிருந்தே வர வேண்டும். ஆதாரில், பான் அட்டையில், வங்கியில், படிவம் 30ல் ஒரே பெயர். "என் பிரண்டு கணக்கிலேர்ந்து போடறேன்" என்றால், அப்ப அந்த பிரண்டு பெயரிலேயே வண்டியை வாங்கச் சொல்லுங்கள்.

ரொக்கமும் கணக்கில் கொள்ள வேண்டும். 2017 ஏப்ரல் முதல், ஒரே பரிவர்த்தனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். அபராதம் வாங்கினவருக்கு, அதாவது உங்களுக்கு.

ஏமாந்துவிட்டால் உடனே 1930க்கு போன் பண்ண வேண்டும். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்கு முன் நிறுத்துவதற்கான எண் அது. நாளைக்குப் பார்க்கலாம் என்றால் பணம் நாலு கணக்கு தாண்டியிருக்கும்.

நான் பரிந்துரைக்கும் வரிசை

விளம்பரம் போடுவதற்கு முன்: கடன் முடிந்த வண்டியானால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35ம் வாங்கி ஹெச்.பி. கேன்சல் பண்ணிவிடுங்கள். நிலுவை அபராதங்களைக் கட்டுங்கள். வாகனப் பதிவில் இருக்கிற செல்பேசி எண் இன்றைக்கு உங்கள் கையில் இருக்கிற எண்தானா பாருங்கள், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். ஆர்.சி. படத்தை விளம்பரத்தில் போடாதீர்கள். சேஸிஸ் எண், எஞ்சின் எண் வெளியே போக வேண்டிய அவசியமில்லை.

வாங்குகிறவர் வரும்போது: ஆள் நேரில் வர வேண்டும், இல்லாவிட்டால் அவருடைய நம்பகமான ஆள் அத்தாட்சியோடு வர வேண்டும். பகல் நேரம், பெட்ரோல் பங்கோ வங்கி வாசலோ மாதிரி ஆள் நடமாட்டம் இருக்கிற இடம். ஓட்டிப் பார்க்கும்போது கூடவே உட்காருங்கள். அசல் ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆதாரைக் கொடுக்க வேண்டியிருந்தால் கடைசி 4 எண் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரைக் கொடுங்கள். நகலின் குறுக்கே "இந்த வண்டி விற்பனைக்காக மட்டும்" என்று வண்டி எண்ணோடு, தேதியோடு எழுதிவிடுங்கள்.

காசும் சாவியும் மாறும் நாளன்று: வங்கி வேலை நாளாக இருந்தால் நல்லது. இருவரும் இருக்கும்போதே பணம் ஏறட்டும். படிவம் 29, 30 இரண்டிலும் வாங்குகிறவர் பெயர், முகவரி, தேதி எல்லாம் நிரப்பின பிறகே உங்கள் கையெழுத்து. ஒரு கட்டம்கூட காலியாக விடாதீர்கள். டெலிவரி நோட் ஒன்று எழுதுங்கள்: தேதி, நேரம், வண்டி எண், கிலோமீட்டர் ரீடிங், தொகை, பணம் வந்த வழி, "இந்த நேரத்திலிருந்து வரும் விபத்து, அபராதம், வழக்கு எல்லாவற்றுக்கும் வாங்கியவரே பொறுப்பு" என்ற வாசகம், இருவர் கையெழுத்து, இரண்டு சாட்சி. நேரம் எழுதுவது முக்கியம். அன்றைக்குச் சாயங்காலமே நெடுஞ்சாலை கேமராவில் மாட்டி அபராதம் வந்தால், யார் ஓட்டியது என்பதை அந்த மணி நேரம்தான் சொல்லும்.

ஒன்றை ஞாபகம் வையுங்கள். இந்த டெலிவரி நோட் விபத்தில் பாதிக்கப்பட்டவருக்கு எதிராக உங்களைக் காப்பாற்றாது. மேலே சொன்ன தீர்ப்பு அதைத்தான் காட்டுகிறது. நீங்கள் கட்ட நேர்ந்தால் வாங்கினவரிடமிருந்து திரும்பக் கேட்பதற்கும், போலீஸ் கேட்டால் பதில் சொல்வதற்கும்தான் அது ஆதாரம்.

பெயர் மாறுகிறவரை: படிவம் 29ஐ வாங்கினவர் கொடுப்பார் என்று விடாமல், நீங்களே 14 நாளுக்குள் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். உரிமை மாற்ற அறிவிப்பு உட்பட 18 சேவைகளை ஆதார் சரிபார்ப்புடன் இணையம் வழியே செய்யலாம் என்று 2021 மார்ச்சில் மத்திய அரசு அறிவித்தது. பரிவாகன் தளத்தில் முடிகிறவரை செய்துவிட்டு, மீதிக்கு ஆபீஸ் போகலாம். தபாலில் ஒரு நகல் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்வதும் வீண்செலவு இல்லை.

எனக்குப் பிடித்த ஒரு ஏற்பாடும் உண்டு. விலையோடு சேர்த்து ஒரு பத்தாயிரமோ இருபதாயிரமோ 'பெயர் மாற்ற டெபாசிட்' என்று வாங்கிக்கொள்ளுங்கள். புது ஆர்.சி. அவர் பெயரில் வந்ததும் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இதையும் டெலிவரி நோட்டில் எழுதுங்கள். தூரத்து ஆளை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போக வைக்க நம் கையில் போன் மட்டும் இருப்பதைவிட, அவருடைய காசு கொஞ்சம் இருப்பது மேல். இதற்கு ஒத்துக்கொள்ளாதவர் பெயர் மாற்றுகிற எண்ணத்தில் இருக்கிறாரா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

வெளிமாநிலம் என்றால்

திருப்பதிக்கோ கொச்சிக்கோ போகிற வண்டி என்றால், பதிவான அலுவலகத்திலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். படிவம் 28. பிரிவு 48ன்படி அதிகாரி 30 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கொடுத்ததாகவே கருதப்படும். வண்டி திருட்டு வழக்கில் இல்லை என்ற சரிபார்ப்பும் வரி நிலுவை பார்ப்பதும் இந்தக் கட்டத்தில் நடக்கும். வெளிமாநில மாற்றத்துக்கு விற்றவருக்கான கெடு 45 நாள்.

இங்கே ஒரு பெரிய தவறான நம்பிக்கை உலவுகிறது: "என்.ஓ.சி. எடுத்துக் கொடுத்துட்டேன், என் வேலை முடிஞ்சது." இல்லீங்க. என்.ஓ.சி. என்பது ரயில் டிக்கெட் மாதிரி. ஊர் போய்ச் சேர்ந்ததற்குச் சான்று அது இல்லை. அந்த மாநிலத்தில் சாலை வரி கட்டி, புது எண் வாங்கி, தன் பெயரில் பதிகிறவரை உங்கள் பெயர்தான் நிற்கும். அங்கே வரி அதிகம் என்றால் வாங்கினவர் தள்ளிப்போட்டுக்கொண்டே தமிழ்நாட்டு நம்பரிலேயே ஓட்டுவார். அதனால் வெளிமாநில ஆளிடம் விலை பேசும்போதே அவர் ஊரில் வரி எவ்வளவு வரும் என்று அவரையே விசாரித்து வரச் சொல்லுங்கள். வரியைக் கணக்கில் எடுக்காமல் வாங்கினவர்தான் பிறகு பெயர் மாற்றாமல் இழுப்பார். டெபாசிட் தொகையையும் வெளிமாநிலத்துக்குக் கொஞ்சம் கூட வைக்கலாம்.

விட்டுப்போகும் சின்ன நூல்கள்

ஃபாஸ்டேக்: அது உங்கள் கணக்கோடு கட்டப்பட்டிருக்கிறது. கண்ணாடியிலிருந்து கிழித்துவிட்டு, கொடுத்த வங்கியில் சொல்லி மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் நல்லூர் சுங்கச்சாவடியில் அவர் போகிற ஒவ்வொரு முறையும் உங்கள் போன் சிணுங்கும்.

இன்சூரன்ஸ்: வாங்கினவர் 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடுதான் தானாக மாறும். வண்டிக்கு வருகிற சேதத்துக்கான பகுதி அப்படி மாறாது என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. இதை வாங்கினவருக்கு எடுத்துச் சொன்னால் அவரே அவசரப்படுவார். நோ கிளெய்ம் போனஸ் மட்டும் வண்டியோடு போகாது, உங்களுடையது. அதிகபட்சம் 50 சதவீதம்வரை. சான்று வாங்கி வைத்தால் 3 வருஷத்துக்குள் வாங்கும் அடுத்த காருக்குப் பயன்படும்.

செயலி: இப்போதைய கார்களில் கம்பெனி ஆப் மூலம் கதவு திறக்கலாம், வண்டி எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். உங்கள் கணக்கை அதிலிருந்து நீக்குங்கள். காரின் திரையில் இருக்கிற உங்கள் தொடர்பு எண்கள், 'வீடு' என்று சேமித்த முகவரி எல்லாவற்றையும் அழியுங்கள். விற்ற பிறகும் அந்த வண்டி போகிற இடம் உங்களுக்குத் தெரிவது அவருக்கும் நல்லதில்லை, உங்களுக்கும் நல்லதில்லை.

கடைசியாக ஒரு பழக்கம். விற்ற நாளிலிருந்து ஒவ்வொரு மாதமும் ஒரு தேதியில், எம்பரிவாகன் செயலியில் உங்கள் பழைய வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயரின் எழுத்துகள் பாதி மறைத்துத்தான் காட்டும், ஆனால் உங்கள் பெயரா இல்லையா என்பது தெரிந்துவிடும். இரண்டு நிமிஷ வேலை. பெயர் மாறியிருந்தால் டெபாசிட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு, காகிதங்களை ஒரு கவரில் போட்டு அலமாரியில் வையுங்கள். மாறாமல் இருந்தால் அவருக்கு இன்னொரு போன், ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு இன்னொரு கடிதம். அதுவரைக்கும் அந்தக் காரை நீங்கள் இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.